தம்பி கேட்டால்

நண்பரின் மகள் மருந்தகத் துறையில் முதுகலை ஆய்வு செய்கிறாள்: முதியோர் மருந்துகளைச் சரியாக எடுக்கிறார்களா? ஜேர்மனியில் 2016 ஒக்டோபரிலிருந்து, மருத்துவர் எழுதிய மூன்று மருந்துகளையாவது தொடர்ந்து எடுப்பவர்கள் அச்சிட்ட மருந்து அட்டவணை கேட்டுப் பெறலாம். அது ஜேர்மன் மொழியில் இருக்கும். எங்கள் அம்மாமாருக்கு வெறும் தாள். மொழிபெயர்க்க நான் போனேன்.

“விருப்பமில்லையென்றால் மறுக்கலாம்” என்று ஒப்புதல் படிவத்தைச் சொன்னேன். யாழ்ப்பாணத்து அம்மா சிரித்தார். “தம்பி கேட்டு நான் மாட்டன் எண்டு சொல்லுவனோ?” கையெழுத்திட்டார்.

வற்புறுத்தலற்ற சம்மதம்: 1947இல் நூரெம்பேர்க் மருத்துவர் வழக்குத் தீர்ப்பு வைத்த முதல் விதி. மாத்திரை எண்ணும் ஆய்வுக்கு இது பெரிய பேச்சுத்தான். ஆனாலும் அவர் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டே கேட்டவன் நான். மரியாதையும் ஒரு வற்புறுத்தல்தானே? அந்தப் படிவத்தைச் சேர்க்காதே, அறிமுகமில்லாத ஒருவரோடு போய் மறுபடி கேள் என்றேன்.

போனாள். அம்மா கையெழுத்திடவில்லை. “தம்பி ஏன் வரேல்லை?” என்று மட்டும் கேட்டாராம்.