பிரம்மாவிடம் கேட்ட ஒரே கேள்வி

ஓம் சரவணபவ.

இன்று ஒரு பில் கதை சொல்லப் போகிறேன். முருகனுக்கும் பில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கடைசி வரை படியுங்கள்.

நான் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 26 வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். ஏப்ரலில் வீடு மாறினோம். பழைய வீட்டில் இருந்த இன்டர்நெட் இணைப்பை எழுதிக் கொடுத்து நிறுத்தினேன். ஆள் வந்து ரூட்டரை எடுத்துக்கொண்டு ரசீதும் கொடுத்துவிட்டுப் போனார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மே, ஜூன், ஜூலை என்று மாதம் 1,062 ரூபாய் பில் வந்துகொண்டே இருந்தது. மொத்தம் 3,186 ரூபாய்.

போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்பார்கள். பிறகு பாட்டு. பிறகு ஒரு பிள்ளை பேசும், புகார் எண் கொடுக்கும். இரண்டு நாளில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வரும். அடுத்த மாதம் மறுபடியும் பில் வரும். என் வீட்டம்மா, "ஏங்க, கட்டித் தொலைச்சிட்டு நிம்மதியா இருங்களேன்" என்றார்கள். வாங்காத பொருளுக்கு எப்படிக் காசு கொடுப்பது?

ஆடிக் கிருத்திகை அன்று விரதம் இருந்தேன். காலையில் பூஜை முடித்து விபூதி பூசி உட்காரும்போது, பணம் கட்டாவிட்டால் வசூலுக்கு ஆள் வரும் என்று மெசேஜ். உடனே போனை எடுத்தேன். ஒரு சின்னப் பெண் பேசினாள். என்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்?" என்பது வரை போய்விட்டேன். அவள் குரல் கம்மியது. "சார், பில்லை கேன்சல் பண்ற ஆப்ஷனே எனக்கு இல்ல சார். எழுதி மேல அனுப்பத்தான் முடியும். மன்னிச்சிடுங்க" என்றாள்.

போனை வைத்தேன். வீட்டம்மா ஒன்றுதான் கேட்டார்கள். "வயித்துக்கு விரதம் இருந்தீங்க, வாய்க்கு இல்லையா?"

அன்று சாயங்காலம் ரத்தினகிரி போனேன். காவடிக் கூட்டத்தோடு படி ஏறும்போது அரோகரா சொல்ல வாய் வரவில்லை. பாலமுருகன் சன்னிதியில் நிற்கும்போதுதான், சிறு வயதில் கேட்ட அந்தக் கதை ஞாபகம் வந்தது.

உங்களுக்கும் தெரிந்த கதைதான். கயிலையில் சிவனைத் தரிசித்துவிட்டுத் தேவர்கள் திரும்புகிறார்கள். வழியில் இருந்த குமரனை எல்லோரும் வணங்குகிறார்கள். பிரம்மா மட்டும், "சின்னப் பையன்தானே" என்று கண்டுகொள்ளாமல் போகிறார். படைப்புத் தொழிலே அவர் கையில். அவ்வளவு பெரிய நிர்வாகம். வாசலில் நிற்கும் பாலகன் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

முருகன் என்ன செய்தார்? கத்தவில்லை. பின்னால் வந்த தேவர்கள் மேல் பாயவில்லை. பிரம்மாவையே அழைத்தார். வேதம் சொல்லச் சொன்னார். பிரம்மா "ஓம்" என்று தொடங்கினார். "நிறுத்துங்கள், இந்த ஒரு எழுத்துக்குப் பொருள் என்ன?" என்று கேட்டார். பதில் வரவில்லை. தலையில் குட்டு, பிறகு சிறை.

இதில் எனக்கு இரண்டு பாடம் கிடைத்தது. கேட்க வேண்டியவரைக் கேட்க வேண்டும். அதுவும் முதல் எழுத்திலேயே கேட்க வேண்டும்.

ஆம்பூரில் நாங்கள் என்ன செய்வோம்? வந்து இறங்கிய தோலில் பத்து சதுர அடி குறைந்தால் லாரி டிரைவரைத் திட்டுவோமா? டெலிவரி சலானைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்பிய ஆபீஸைக் கேட்போம். 26 வருஷம் செய்த வேலை, என் சொந்தக் காசு என்றதும் மறந்துபோனது. அந்தப் பெண் லாரி டிரைவர். நான் அவளைத்தான் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து பில்லை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில் 'சேவைக் கட்டணம்' என்று இருந்தது. இதுதான் நான் கேட்க வேண்டிய எழுத்து. இந்த மாதிரி கம்பெனிகளில் புகார் எண்ணுக்கு மேலே மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பது டிராய் 2012ல் கொண்டுவந்த விதி. கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருக்கு எழுதினேன். ரூட்டர் ரசீதையும் புகார் எண்களையும் வைத்தேன். ஒரே கேள்வி: "ரூட்டரை நீங்கள் எடுத்துச் சென்ற பிறகு, எந்தச் சேவைக்கு இந்தக் கட்டணம்?"

மூவாயிரம் ரூபாய்க்கு இவ்வளவா என்று சிலர் சிரித்தார்கள். அவர்களுக்கு அகமதாபாத்தில் நடந்ததைச் சொன்னேன். ஒரு வாடிக்கையாளருக்கு செல்போன் பில் சராசரியாக மாதம் 555 ரூபாய். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரைக்கு மட்டும் 24,609 ரூபாய் பில் போட்டார்கள் என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். தந்திச் சட்டப்படி இது நுகர்வோர் மன்றத்துக்கு வரவே கூடாது என்று கம்பெனி வாதாடியது. 2009ல் வந்த தீர்ப்பு ஒன்றும் அப்படித்தான் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி 16 அன்று, வோடபோன் ஐடியா தொடுத்த அந்த மேல்முறையீட்டில், நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. பில் சரியா தப்பா என்பது அதற்குப் பிறகுதான் விசாரணை. வாசல் திறக்கவே எட்டு வருஷம் ஆனது. ஆனால் திறந்த வாசல் நம் எல்லோருக்கும்தான்.

என் கடிதத்துக்கு 31ஆம் நாள் பதில் வந்தது. "நிலுவை ரத்து செய்யப்பட்டது." அவ்வளவுதான். தவறு எங்களுடையது என்று ஒரு சொல் இல்லை. எனக்கு மறுபடியும் சுருக்கென்றது. விடக்கூடாது, கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்க வேண்டும் என்று தோன்றியது. அப்போது கதையின் மீதிப் பாதி ஞாபகம் வந்தது. நந்தி வந்து கேட்டும் பிரம்மாவை விடாத முருகன், அப்பாவே வந்து சொன்னதும் விட்டுவிட்டார். கேட்டது நியாயத்துக்காக. அது முடிந்ததும் கோபத்துக்கு அங்கே வேலை இல்லை. நானும் விட்டேன்.

ஒன்றை மட்டும் விட முடியவில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க அதே எண்ணுக்கு மூன்று முறை போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு பிள்ளை பேசுகிறது. அவள் பெயர் கூட நான் கேட்டு வைக்கவில்லை. கம்பெனி என் பெயரில் எழுதிய பாக்கி அழிந்துவிட்டது. நான் அவளுக்கு வைத்த பாக்கி நிற்கிறது. இப்போதெல்லாம் எந்த கம்பெனிக்குப் போன் செய்தாலும், "நல்லா இருக்கியாம்மா?" என்று முதலில் கேட்கிறேன். அது வட்டிக்குத்தான் ஆகும், அசலுக்கு ஆகாது.

உங்களுக்கும் இப்படி வந்தால்:

• ரசீதையும் புகார் எண்ணையும் பத்திரமாக வையுங்கள்.
• புகாருக்குப் பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.
• தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
• அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருஷத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.
• போனில் பேசும் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

கேட்க வேண்டியதைக் கேட்கும் தைரியத்தையும், கேட்டபின் விட்டுவிடும் மனசையும் வேலவன் நமக்குத் தரட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!