பூனையின் சாட்சியம்

'மாதிரி' என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் புழங்குகிறோம். மூட்டையைத் திறந்து கடைக்காரர் கையில் ஏந்திக் காட்டும் ஒரு பிடி அரிசி, மாதிரி. 'பையன் அப்பன் மாதிரி' என்கிறபோது வருவதும் அதே சொல்தான். முதலாவது, முழுமையிலிருந்து எடுத்த ஒரு சிறு பகுதி. மற்றது, வேறொன்றாக இருந்துகொண்டே இதைப் போல் இருப்பது. சோதனைக்கூடத்துப் பிராணியை மனித நோய்க்கு மாதிரி என்று விஞ்ஞானி சொல்லும்போது இந்த இரண்டாவது அர்த்தத்தில்தான் சொல்கிறார். நரம்பு நம்முடையதைப் போல, வலிப்பு நம்முடையதைப் போல. ஆனால் அதைக் கொல்வதற்கான அனுமதி மட்டும் 'அது நாம் அல்ல' என்பதிலிருந்து கிடைக்கிறது. இந்த முரண்பாடு பழையது; எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது. என்னைத் தொந்தரவு செய்வது வேறு. 1959இல் ஜப்பானில், மினமாட்டாவில், 400 என்று எண்ணிடப்பட்டிருந்த ஒரு பூனை.

கியூஷூ தீவின் மேற்குக் கரையில் உள்ள ஊர் மினமாட்டா. சிஸ்ஸோ கம்பெனி 1932இலிருந்து அங்கே அஸிடால்டிஹைட் தயாரித்து வந்தது. அதற்குக் கிரியா ஊக்கி பாதரசம். கழிவோடு மெதில் பாதரசம் விரிகுடாவுக்குப் போயிற்று. அங்கிருந்து மீனுக்கும் சிப்பிக்கும். அவற்றைத் தின்ற பூனைக்கும் மனிதருக்கும். 1954 ஆகஸ்டில் மோதோ என்ற மீனவர் குடியிருப்பைப் பற்றி ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது. பூனைகளெல்லாம் வெறிபிடித்தாற்போல் ஆடிச் செத்துவிட்டன, எலித் தொல்லை தாங்கவில்லை, நகராட்சி ஏதாவது செய்யவேண்டும் என்று. புகார் எலிகளைப் பற்றி!

பிறகு மனிதர்களுக்கு வந்தது. சிறுமூளையின் நுண்செல்கள் அழியும்போது நடை தள்ளாடும், நீட்டிய கை குறி தவறும், பேச்சு குழறும். பார்வைக்கான பகுதி கெடும்போது குழாய் வழியே பார்ப்பதுபோல உலகம் குறுகிவிடும். 1956 மே 1ஆம் தேதி, கம்பெனி ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் ஹோஸோகாவா ஹாஜிமே, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுகிறது என்று சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். மறுவருஷம் சுகாதார நிலையத் தலைவர் விரிகுடா மீனைப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவையும் ஆடின.

செம்படவர் வீட்டு அடுப்படியில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த சோதனைதான் இது. அங்கே செத்த பூனைகளுக்கு எண் இல்லை, குறிப்பேடு இல்லை. அதனால் அவை நிரூபணம் ஆகவில்லை. மனிதர்களின் தள்ளாட்டமும் ஆகவில்லை. கிளாஸ்கோவில் 1837இல் ஜான் கூப்பர் என்ற மருத்துவருக்கு, வெளுப்புத் தூள் தயாரிப்புக்காக மாங்கனீஸ் அரைத்த தொழிலாளர் சிலரின் நடையைப் பார்த்ததே போதுமாக இருந்தது. அந்தத் தூசுதான் காரணம் என்று எழுதிவிட்டார். இன்று அதே உலோகத்தை எலிக்கு ஏற்றினால் அந்த நடை சரியாக வருவதில்லை. குரங்குக்கு ஓரளவு வருகிறது. ஆக மாதிரி சரியில்லை என்பதே ஒரு வாதமாகிவிட முடியும். எலி தள்ளாடவில்லை, எனவே மனிதன் தள்ளாடுவதற்கு வேறு காரணம் இருக்கவேண்டும்!

1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் காரணம் அங்கக பாதரசம் என்று சொன்னார்கள். கம்பெனி மறுத்தது. மீனில் விஷம் இருப்பது சரி, அது எங்களிடமிருந்து வந்தது என்று யார் சொன்னது? அதே மாதம் 21ஆம் தேதியிலிருந்து ஹோஸோகாவா, அஸிடால்டிஹைட் பிரிவின் கழிவுநீரை நேராக எடுத்து, தினம் 20 கிராம் வீதம் ஒரு பூனையின் சாப்பாட்டில் கலந்தார். அக்டோபர் 7 அன்று பூனைக்கு வலிப்பு வந்தது. எச்சில் ஒழுக ஓடிச் சுவரில் மோதியது. 24ஆம் தேதி அதைக் கொன்று, உறுப்புகளைக் கியூஷூ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். மூளையில் அதே அழிவு. மருத்துவர் மேலிடத்தில் சொன்னார். சோதனையை நிறுத்தச் சொன்னது மேலிடம். முடிவு வெளியே போகவில்லை.

அந்த டிசம்பர் 30ஆம் தேதி நோயாளிகளோடு கம்பெனி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 'அனுதாபப் பணம்' என்று அதற்குப் பெயர். செத்தவருக்கு 3 லட்சம் யென். அதில் ஒரு ஷரத்து: பிற்காலத்தில் ஆலைக் கழிவுதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு நஷ்டஈடு கேட்கக்கூடாது. அந்த வாக்கியத்தை எழுதியவர்கள் பக்கம் பூனையின் முடிவு இருந்தது, கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது தெரியாது. உண்மையைச் சொல்வதற்காகச் சாகடிக்கப்பட்ட ஒரு பிராணி, உண்மைக்கு எதிரான பத்திரத்தை எழுதுவதற்குப் பயன்பட்டது.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அத்தனை மனிதர்கள் முறுக்கிக்கொண்டு செத்திருக்கிறார்கள், நீங்கள் பூனைக்காக உருகுகிறீர்கள், இது சௌகரியமான மனிதாபிமானம் என்றார். உருகவில்லை. நான் கேட்பது ஒரு கணக்கு. ஓர் உயிரை அறிவதற்காக வதைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மினமாட்டாவில் அந்தப் பூனைக்கு நான் அனுமதி கொடுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அனுமதி கடனாக வாங்கியது. சொல்வதன் மூலம்தான் அது அடைபடும். சொல்லாமல் பூட்டி வைத்த நிமிஷத்தில், ஜூலை முதல் அக்டோபர் வரை அந்தப் பூனைக்கு நடந்தது சோதனை என்ற பெயரை இழந்துவிடுகிறது. பின்னால் நடந்த ஒரு காரியம் முன்னால் நடந்ததன் தன்மையை மாற்ற முடியுமா என்று தர்க்கம் படித்தவர்கள் கேட்கலாம். மாற்றுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கல்லூரியில் நாங்கள் கூட்டம் கூட்டமாகத் தவளை அறுத்தோம். புத்தகத்தில் படமாக இருந்த இதயத்தை மறுபடி பார்த்து ரிக்கார்டு நோட்டில் வரைந்து மதிப்பெண் வாங்கினோம். எல்லோருக்கும் தெரிந்ததற்காக ஒன்று, யாருக்கும் தெரியக்கூடாததற்காக ஒன்று. அந்தத் தவளைகளுக்கு நான் என்ன சொல்வேன் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

ஹோஸோகாவாவைக் கோழை என்று சொல்லி முடித்துவிடலாம். முடியவில்லை. நோயை முதலில் அறிவித்தவர் அவர். யாரும் கேட்காதபோது கழிவுநீரைத் தானே எடுத்துக் கலந்தவரும் அவரே. அது தன் கம்பெனியின் கழிவு என்று தெரிந்தேதான் செய்தார். செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். 1962இல் கம்பெனியை விட்டுப் போன பிறகும் பல வருஷம் மூடிக்கொண்டிருந்தார். 1970 ஜூலையில், புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீதிமன்றம் அவர் கட்டிலருகே வந்து சாட்சியம் வாங்கிக்கொண்டது. பூனையைப் பற்றிச் சொன்னார். அக்டோபரில் இறந்துபோனார். 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் நோயாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த அனுதாப ஒப்பந்தமும் செல்லாது என்றது.

சிஸ்ஸோ அஸிடால்டிஹைட் தயாரிப்பை நிறுத்தியது 1968 மே மாதம். சந்தையில் அந்த முறை பழசாகிப்போயிருந்தது. பூனை சுவரில் மோதிய நாளிலிருந்து எட்டரை வருஷம். அவ்வளவு காலமும் கழிவு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, ஜனங்கள் மீன் தின்றுகொண்டிருந்தார்கள்.