இரண்டு ஆணைகளுக்கு இடையே

தெரு முனையில் காவலர் ஒருவர் நிற்கிறார். அவருக்கு ஊதியம் தருவது மாநில அரசு. ஆணை பிறப்பிப்பவர் மாநில அமைச்சர். ஆயினும் அவர் எடுத்துக்கொண்ட உறுதிமொழி நாட்டின் அரசமைப்புச் சட்டத்துக்கும் உரியது. நாட்டை ஆள்வோரும் மாநிலத்தை ஆள்வோரும் இணங்கி வாழும்வரை இந்த இரட்டைக் கடமை எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. இருவரும் பகைத்து நிற்கும் நாளில் அக்காவலர் யாருக்குக் கீழ்ப்படிவார்? அவரைவிடப் பெரிய இக்கட்டு அவருக்கு மேலே உள்ள அமைச்சருக்கு நேர்கிறது. நாட்டின் படை தம் வாயிலில் வந்து நிற்கும்போது, தம் காவலரை அதற்கு எதிரே நிறுத்துவது அறமா? நிறுத்தாமல் விலகுவது அறமா?

1932ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20ஆம் நாள் ஜெர்மனியின் தலைநகரமான பெர்லினில் இவ்வினா ஏட்டுச் சுரைக்காயாக இல்லாமல் நேரிலேயே எழுந்தது.

அந்நாளைய ஜெர்மனியின் பரப்பிலும் மக்கள்தொகையிலும் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கைக் கொண்டிருந்த மாநிலம் பிரஷ்யா. பெர்லின் நகரமும் அதனுள் அடங்கியதே. 1920 முதல் பெரும்பாலும் சமூக ஜனநாயகக் கட்சியினரான ஓட்டோ பிரௌன் அதன் தலைமை அமைச்சராக இருந்தார். ஏறத்தாழ 90,000 பேர் கொண்ட காவல் படை அவ்வரசின் கையில் இருந்தது. போரில் தோற்ற ஜெர்மனி ஓர் இலட்சம் பேருக்கு மேல் படை வைத்திருக்கலாகாது என்று வெர்சாய் உடன்படிக்கை வரையறுத்திருந்ததை நினைத்தால், அக்காவல் படை எத்துணைப் பெரிது என்பது விளங்கும். வன்முறையைத் தொழிலாகக் கொண்ட ஹிட்லரின் பழுப்புச் சட்டையினரை ஓரளவேனும் அடக்கி வைத்திருந்தது அப்படையே.

ஜூன் மாதத்தில் நாட்டின் சான்சலராகப் பொறுப்பேற்ற பாப்பனுக்கு அது உறுத்தலாயிற்று. பழுப்புச் சட்டையினர்மீது இருந்த தடையை அவர் அரசு நீக்கியது. தெருக்களில் குருதி பெருகியது. ஜூலை 17ஆம் நாள் பிரஷ்யாவின் ஆல்டோனா நகரில் அவர்கள் நடத்திய ஊர்வலம் கலவரமாகி 18 பேர் மாண்டனர். மாநில அரசால் அமைதியைக் காக்க இயலவில்லை என்பதற்குப் பாப்பன் இதனையே சான்றாகக் காட்டினார். ஆனால் பிரஷ்ய அரசை நீக்கும் ஆணையில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஜூலை 14ஆம் நாளே, தேதியிடாமல், கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுக் குற்றத்துக்குக் காத்திருந்த விந்தை இது.

ஜூலை 20ஆம் நாள் காலையில் பிரஷ்ய அமைச்சர் மூவர் சான்சலரின் மாளிகைக்கு அழைக்கப்பட்டனர். உடல்நலங் குன்றியிருந்த பிரௌன் விடுப்பில் இருந்தார். அரசமைப்புச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி பிரௌனும் உள்துறை அமைச்சர் கார்ல் செவரிங்கும் நீக்கப்பட்டதாகப் பாப்பன் அறிவித்தார். வன்முறைக்கு மட்டுமே தாம் பணிய முடியும் என்று செவரிங் விடையிறுத்தார். பெர்லினிலும் அதனைச் சூழ்ந்த பிராண்டன்பர்க் பகுதியிலும் அவசர நிலை பிறந்தது. அதிகாரம் படைத்தலைவர் ருன்ஸ்டெட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரக் காவல் தலைவர் கிரெசின்ஸ்கியும், துணைத் தலைவர் வைஸும், சீருடைக் காவலரின் தளபதி ஹைமான்ஸ்பெர்க்கும் பிற்பகலில் கைது செய்யப்பட்டனர். இனிப் பணியில் தலையிடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தபின் விடுவிக்கப்பட்டனர். மாலையில் புதிய அதிகாரிகள் செவரிங்கின் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் வெளியேறினார். துப்பாக்கி ஒன்றுகூட வெடிக்கவில்லை.

செவரிங்கைக் கோழை என்று கூறிவிடுவது எளிது, நேர்மையன்று. தம் காவலரின் உயிரை விலையாகக் கொடுத்துத் தாம் வீரர் என்று பெயரெடுக்கத் தமக்கு உரிமை இல்லை என்பது அவர் நிலை. இதில் அறம் உண்டு. பிறர் குருதியில் புகழ் தேடும் தலைவர்களை உலகம் நிறையவே கண்டிருக்கிறது. அவர்களுக்குச் சிலையும் எழுப்பியிருக்கிறது. மேலும், ஏப்ரல் தேர்தலில் பெரும்பான்மையை இழந்து, மாற்று அரசு அமையாமையால் மட்டுமே நீடித்து வந்த அமைச்சரவை அது. மக்களின் ஒப்புதலை இழந்த கையால் வாளை ஓங்கத் தயங்குவது மக்களாட்சியில் ஊறிய மனத்துக்கு இயல்பே. 1920இல் கப் என்பவரின் சதியை நாடு தழுவிய வேலைநிறுத்தம் சில நாள்களில் முறியடித்தது உண்மை. ஆனால் 1932இல் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்தனர். ஆலையை விட்டு ஒருவன் வெளியேறினால் அவ்விடத்துக்கு நால்வர் காத்து நின்ற காலம். பதினொரு நாளில் பொதுத்தேர்தலும் வரவிருந்தது. வாக்குப் பெட்டியையும் நீதிமன்றத்தையும் நம்புவோம் என்று அவர்கள் எண்ணினர்.

நீதிமன்றம் மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டது. அக்டோபர் 25ஆம் நாள் லைப்சிக்கில் வெளியான தீர்ப்பு இரு தரப்புக்கும் பாதிப் பாதியாகப் பங்கிட்டது. பிரஷ்யா தன் கடமையில் தவறியதாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் பாப்பனின் ஆணையாளர்கள் தற்காலிகமாக அதிகாரம் செலுத்துவது செல்லும். பிரௌனின் அமைச்சரவை நாட்டின் மேலவையில் மாநிலத்தின் பேராளராக நீடிக்கலாம். காவல் படையோ பறித்தவரிடமே இருக்கும். பெயர் ஒருவருக்கு, பிடி மற்றொருவருக்கு.

நடுவண் அரசின் படை மாநிலத்துக்குள் நுழைவதே தீது என்ற முடிவுக்கு இதனால் வந்துவிடலாகாது. 1957இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் பள்ளிக்குள் நுழையாதவாறு ஆர்க்கன்சா மாநில ஆளுநர் பாபஸ் மாநிலக் காவற்படையை நிறுத்தினார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் அப்படையைத் தம் ஆணைக்குள் கொண்டுவந்து, நாட்டின் வான்குடைப் படையினரையும் அனுப்பி அம்மாணவரைப் பள்ளிக்குள் செலுத்தினார். அங்கே முதலில் நீதிமன்ற ஆணை வந்தது, பிறகு படை வந்தது. பெர்லினில் படை முதலில் வந்தது. சட்டம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தது. அங்கே படை நின்றது ஒன்பது சிறுவரின் உரிமைக்காக. இங்கே நின்றது எவருடைய உரிமைக்காக என்ற வினாவுக்குப் பாப்பனால் கூறக்கூடிய விடை ஏதுமில்லை.

ஆகவே செவரிங்கின் பிழையை அவர் சுடச் சொல்லாததில் தேடவேண்டியதில்லை. சுடாமையும் ஒப்படைத்தலும் ஒன்றே என்று அவர் கருதியதில்தான் அது இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அகன்ற வெளி உண்டு. இவ்வாணை சட்டத்துக்கு மாறானது, இதனை ஏற்பவர் உறுதிமொழியை மீறுகிறார் என்று 90,000 காவலருக்கும் அன்று நண்பகலிலேயே அறிவித்திருக்கலாம். எழுதிக் கொடுக்க மறுத்துச் சிறையிலேயே இருந்திருக்கலாம். நிராயுதபாணியாக இருக்கையில் அமர்ந்து, தூக்கிச் செல்லும்படி விட்டிருக்கலாம். இவற்றால் வெற்றி கிட்டியிருக்கும் என்று சொல்வதற்கில்லை, தோல்வியே கிட்டியிருக்கக்கூடும். ஆனால் பறித்தவனுக்குப் பறித்தவன் என்ற பெயராவது நின்றிருக்கும்.

நிலத்தை இழந்தால் நிலம் இழந்தவனைத் தாக்குவதில்லை. காவல் படை அத்தகைய உடைமையன்று. அது மனிதரால் ஆன கருவி. முழுமையாகக் கைமாறினால் நேற்றுவரை அது காத்தவரையே நாளை அது வேட்டையாடும். ஏழு மாதங்களில் நிகழவிருந்ததை முன்னறியவில்லை என்று செவரிங்கைக் குறை கூறுவது முறையாகாது. ஆனால் கதவுக்கு வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்பதை அவரைப்போல் அறிந்தவர் சிலரே. பழுப்புச் சட்டையினரைத் தடை செய்யுமாறு ஏப்ரலில் வற்புறுத்தியவர்களுள் அவரும் ஒருவர்.

தெரு முனைக் காவலரோ ஜூலை 21ஆம் நாள் காலையில் வழக்கம்போல் பணிக்கு வந்தார். தலைமை மாறியிருந்தது. அது தவறு என்று அவருக்கு ஆணையிடும் நிலையில் இருந்த எவரும் ஆணையிடவில்லை. நாற்காலியில் யார் அமர்ந்தாலும் அவர் சொல்லே சட்டம் என்பதை மேலோரின் மௌனம் அவருக்குக் கற்பித்தது. 1933 ஜனவரி இறுதியில் அந்நாற்காலியில் கோயரிங் வந்து அமர்ந்தார். பிப்ரவரி 17ஆம் நாள், நாட்டின் பகைவர் எனப்படுவோர்மீது தயங்காது சுடுக என்று ஆணையிட்டார். 22ஆம் நாள் பழுப்புச் சட்டையினர் உள்ளிட்ட 50,000 பேரைத் துணைக் காவலராக்கினார். சென்ற ஆண்டு யாரைக் கைது செய்து கொண்டுபோனாரோ, அவர்களே கையில் வெள்ளைப் பட்டி கட்டிக்கொண்டு தம் அருகில் ரோந்து நடந்து வர, அந்தக் காவலர் அவ்வாணைக்கும் கீழ்ப்படிந்தார்.