வினையும் படிக்கட்டும்

உடற்குறையுடையோரைக் காணுங்கால், "அவரவர் முன்வினைப் பயன்" என்று கூறி அமைதல் நம்மிடையே வழக்கமாக உள்ளது. வினைக் கொள்கையை உயிர்நாடியாகக் கொண்ட நாம், அக்கொள்கை இவ்வாறு கூறி ஒதுங்க இடந்தருகின்றதா என ஆராய்தல் முறையாகும்.

கடையநல்லூருக்கும் தென்காசிக்கும் அண்மையில் உள்ளது ஆய்க்குடி. அவ்வூரினராகிய திரு. எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் நிகழ்ந்த விபத்தினால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். தமக்கு மருத்துவம் புரிந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் பெயரால், அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுற்ற பட்டயக் கணக்கர் திரு. எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். கல்வி, மறுவாழ்வு, தொழிற்பயிற்சி எனச் சங்கம் வளர்ந்தது. 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அமெரிக்கரான எட் ராபர்ட்ஸ் இளம்பிள்ளை வாதத்தால் 14-ஆம் வயதில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். எனினும் பெர்க்லியில் பல்கலைக்கழகக் கல்வி பெற்றார். 1972-இல் அந்நகரில் தோன்றிய தற்சார்பு வாழ்வு மையத்தின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

இவ்விருவரின் வாழ்வும் உணர்த்துவது யாது? செயலிழந்த உடல் ஒன்றேயாயினும், சாய்தளம் உள்ள ஊரில் அவ்வுடலுக்குரியவர் மாணவர். அஃது இல்லாத ஊரில் வீட்டுச் சிறையாளர். நாடு மாறினால் துன்பத்தின் அளவும் மாறுகின்றது. உடலின் நோவு வினைப்பயன் எனக் கொள்வோம். வாயிற்படியின் உயரமோ கொத்தனாரும் நாமும் சேர்ந்து அமைத்தது. அதனையும் அவருடைய வினைக்கணக்கில் எழுதுதல் நேர்மையாகுமோ?

மேலும், பிறருடைய முயற்சிக்குத் தடை செய்வோருக்கு அந்தராய வினை ஊறும் என்பது நம் ஆகமக் கருத்து. அவர் வினையை நுகர்ந்து கழிக்கின்றார். வழியடைத்து நிற்கும் நாம் புதிதாக ஈட்டுகின்றோம். வினைக் கொள்கை பிறரை அளக்கும் கோல் அன்று. தம்மைக் காக்கும் வேலி.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றுள்ளது. சட்டம் விரிந்தது போல் நம் நெஞ்சமும் விரிதல் வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் பிறர் தோளை நாடாது நம் ஜினாலயத்துள் சென்று வழிபட இயலுமா? கொல்லாமை போற்றும் இல்லறத்தார் யாவரும் தத்தம் ஊரில் இவ்வினாவை எழுப்புவோமாக.