ஆடு கொடுக்காமல் நெய் கேட்பது

சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சொற்றொடர் 'சாவா மூவாப் பேராடு'. கோயிலில் ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார். அதற்காக 90 ஆடுகளோ 96 ஆடுகளோ கொடுக்கிறார். ஆடுகளை ஓர் இடையர் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பதாக ஒப்புக்கொள்கிறார். அந்த ஆடுகளுக்குச் சாவும் கிடையாது, மூப்பும் கிடையாது என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். ஆடு சாகும் என்பது தெரியாதவர்களா? கிழடாகும், நோய் வரும், நரி தூக்கிக்கொண்டு போகும். ஆனால் குட்டியும் போடும். செத்ததன் இடத்தில் ஒரு குட்டியை நிறுத்தி எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டால், கணக்கில் அது அதே 96தான். சந்திர சூரியர் உள்ளவரைக்கும்.

பழைய கட்டடங்களை என்ன செய்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆடுகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. தத்துவ வகுப்புகளில் இதற்கு தீசியஸின் கப்பலை உதாரணம் காட்டுவார்கள். பலகை பலகையாக எல்லாவற்றையும் மாற்றிய பிறகு அது அதே கப்பலா? நல்ல புதிர்தான். ஆனால் கப்பலை யார் பழுது பார்க்கிறார், அவருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று அந்தப் புதிர் கேட்பதே இல்லை. ஆட்டுக் கணக்கு கேட்கிறது.

திருவண்ணாமலையில் வைத்து இதை யோசிக்கலாம். அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரம். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தது. தேரடி வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரே பொருள் மாதிரிதான் தெரியும். உண்மையில் அதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. அடிப்பகுதி கருங்கல். அதற்கு மேலே எழும் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும். கல் அப்படியே நிற்கும். சுதை நிற்காது. மழை அதைக் கரைக்கும், பறவை எச்சத்தில் வந்த அரசம் விதை இடுக்கில் முளைத்து வேரால் பிளக்கும். அதனால்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி, குடமுழுக்கு என்று ஒரு சுழற்சி வைத்திருக்கிறார்கள். இங்கே 2017 பிப்ரவரி 6ஆம் தேதி நடந்தது. விரல் உடைந்த சுதைப் பொம்மைக்குப் புதுவிரல் வைப்பது பொய் வேலை ஆகாது. அந்தப் பொம்மை அப்படி வாழ்வதற்காகவே செய்யப்பட்டது. அது ஆடு.

கல்வெட்டு ஆடு கிடையாது. அது குட்டி போடாது.

கட்டடப் பாதுகாப்பு பற்றிய நம் சண்டைகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறது என்பது என் எண்ணம். திருப்பணிக்காரர்கள் எல்லாவற்றையும் ஆடாகப் பார்க்கிறார்கள். அழுக்காக இருக்கிறதா, அழுத்தக் காற்றில் மணலை அடித்துக் கழுவு. தமிழ்நாட்டின் எத்தனையோ கோயில்களில் இப்படி 'சாண்ட் பிளாஸ்டிங்' செய்து, ஆயிரம் வருஷம் வெயிலையும் மழையையும் தாங்கிய எழுத்துகளை ஒரு மத்தியானத்தில் மழுங்கடித்தார்கள். தரையை உயர்த்தி வழவழவென்று பலகைக்கல் பதிக்கும்போது, அதிட்டானத்தின் கீழ்வரிசைக் கல்வெட்டுகள் அப்படியே புதைந்துபோகும். செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. "சாமி இடம் பளிச்சுனு இருக்க வேணாமா" என்பதுதான் அவர்கள் வாதம். இன்னொரு பக்கம் என்னைப் போன்ற படித்த ரசிகர்கள். நாங்கள் எல்லாவற்றையும் கல்வெட்டாகப் பார்க்கிறோம். காரை உதிர்ந்த சுவரைப் போட்டோ எடுத்து, இதைத் தொடாதீர்கள் என்கிறோம். காரை உதிர்ந்த சுவர் சீக்கிரமே சுவராக இருக்காது என்பது நமக்கு உறைப்பதில்லை.

பழையவர்கள் எதையும் இடிக்கவில்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. திருக்கோடிக்காவலில் செங்கல் கோயிலைக் கற்றளியாக மாற்றினார் செம்பியன் மாதேவி. இடிப்பதற்கு முன் பழைய கற்களில் இருந்தவற்றைப் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டவைத்தார். இது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு. திருமழபாடியில் முதலாம் ராஜராஜன் காலத்தில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணை வந்தபோது, கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். ராஜேந்திரன் காலத்தில் புதுக்கல்லில் திரும்ப வெட்டினார்கள். மாற்றும் அதிகாரம் கையில் இருந்தவர்கள், தாங்கள் எதை மாற்றினோம் என்று பின்னால் வருகிறவன் தெரிந்துகொள்ளும்படி விட்டுப்போனார்கள். 1964இன் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்த்தது பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு இது ரொம்பத் தள்ளி இல்லை. அந்தச் சாசனம் கல் கட்டடங்களை மனதில் வைத்து எழுதியது, மரத்தில் கட்டி மரத்தை மாற்றிக்கொண்டே வரும் மரபுகளுக்கு அது பொருந்தாது என்று பின்னால் பேச்சு எழுந்து, 1994இல் ஜப்பானின் நாரா நகரத்தில் கூடி, எது அசல் என்பதை அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். இஸே ஆலயத்தை இருபது வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிற நாடு அது. நம் இடையர்களைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

எல்லாமே இப்படிக் கல், ஆடு என்று இரண்டாகப் பிரிந்துவிடாது. ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கம் இருக்கிறது. 1896 செப்டம்பரில் மதுரையிலிருந்து ஓடிவந்த பதினாறு வயதுப் பையன், பிறகு ரமணர், அந்த இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். பூச்சி தொடையை அரித்தும் தெரியாமல் இருந்தார் என்பார்கள். 1949இல் அதைப் புதுப்பித்து, கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி திறந்துவைத்தார். இன்றைக்குப் போனால் சுத்தமாக, வெளிச்சமாக இருக்கிறது. அந்த இருட்டு போய்விட்டது. அதைக் காப்பாற்றியிருக்க முடியுமா, காப்பாற்றியிருக்க வேண்டுமா, எனக்குப் பதில் தெரியவில்லை. நடிப்புக்கு இருட்டு வைப்பதை விட வெளிச்சம் நேர்மையானது என்று சில சமயம் தோன்றும்.

2002இல் இந்தியத் தொல்லியல் துறை இந்தக் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவித்துத் தன் பொறுப்பில் எடுக்க முனைந்தது. ஊர் கொதித்தது. போராட்டம், வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004இல் தொல்லியல் துறை விட்டுக்கொடுத்தது. கோயில் அறநிலையத்துறையிடமே இருந்துவிட்டது. வெளியூர் நண்பர்கள் இதைப் பக்திக்கும் அறிவுக்கும் நடந்த சண்டையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு எளிமையாக எனக்குத் தெரியவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையிடம்தான் இருக்கிறது. பூசை நின்றுவிடவில்லை. 2020இல் குடமுழுக்கும் நடந்தது. ஆகவே சாமியைப் பூட்டிவிடுவார்கள் என்ற பயம் மிகையானது. ஆனால் இன்னொரு பயம் மிகையே இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் எதுவும் செய்யலாம் என்பது 1992 முதல் உள்ள விதி. 2010இல் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 24 ஏக்கர் கோயிலின் மதிலிலிருந்து 100 மீட்டர் அளந்து பாருங்கள். நாலு மாட வீதியும் அதற்குள் வரும். பூக்கடை, பாத்திரக்கடை, மெஸ், மூன்று தலைமுறையாக ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள், எல்லாம்.

அறநிலையத்துறையிடம் இருந்ததால் எல்லாம் நன்றாகப் போயிற்று என்றும் சொல்ல முடியாது. கோயில்களின் சீரழிவு பற்றி 2015இல் ஒரு நாளிதழில் வந்த வாசகர் கடிதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. 2021 ஜூனில் வந்த தீர்ப்பில் 75 உத்தரவுகள். 2023இல் ராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்ட ஏற்பாடு நடந்து, அதுவும் நீதிமன்றம் போய்த்தான் நின்றது. கோபுரத்தை மறைக்கும் கடைகள் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வழக்குச் செய்திகளைப் படித்த நாட்களில், நடைபாதையில் விளக்கும் கற்பூரமும் விற்கிறவர்களுக்கு எந்த இடம் என்று யாராவது பேசுகிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கோயிலுக்காவது கேட்பதற்கு ஆளிருக்கிறது. வீடுகளுக்கு யார்? பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1980களில் திருவண்ணாமலையை ஆராய்ந்து ஐந்து பகுதிகளாகப் புத்தகம் போட்டார்கள். கல்வெட்டு, கட்டடக்கலை, விழாக்கள், சமூகம் என்று போய், ஐந்தாவது பகுதியை ஊருக்கே ஒதுக்கினார்கள். ஊரும் ஆராயத்தக்க பொருள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மாட வீதியை ஒட்டிய தெருக்களில் திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு, முற்றம் வைத்த வீடுகள் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊருக்குள் இறங்கும் கூட்டத்துக்கு லாட்ஜ் போதவில்லை. ஒரு திண்ணை வீடு விழுந்தால் அங்கே ஐந்து மாடி எழுந்து, ஒவ்வொரு அறையும் காசாகிறது.

என் நண்பனின் ஆயா அப்படி ஒரு வீட்டில் இருக்கிறார். இடிக்கப் போகிறோம் என்று நண்பன் சொன்னபோது நான் பெரிதாகப் பேசினேன். சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சி, சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய செங்கல் எப்படி உப்புப் பூத்துப் பொடியும், நூறு வருஷத் தேக்கு, இப்படி. ஆயா முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் கீது கண்ணு. ஐப்பசி மழைல ராவெல்லாம் ஒழுவுது. குண்டான் வெக்க நீ வருவியா?"

ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. சுண்ணாம்பு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் ஊற்றிப் பக்குவம் பார்க்கத் தெரிந்த கொத்தனார்கள் திருப்பணி வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் கேட்கும் கூலி நியாயமானது, ஆயாவின் ஓய்வூதியத்துக்கு எட்டாதது. அப்படி ஒருவரிடம் நண்பனுக்காக விசாரித்தேன். "சார், சிமெண்ட்னா பத்து நாள்ல முடிச்சிக் குடுத்துடுவேன். சுண்ணாம்புன்னா அது ஊறணும், நானும் ஊறணும்" என்றார். அவர் மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான்.

அந்த ராத்திரிதான் ஆட்டுக் கணக்கின் இன்னொரு பாதி எனக்குப் புரிந்தது. இடையர் சும்மா நெய் அளக்கவில்லை. அவர் கையில் முதலில் 96 ஆடுகள் வந்தன. உழக்கு நெய் போக மீதிப் பால், எரு, எண்ணிக்கைக்கு மேல் பிறக்கும் குட்டிகள், இவற்றில் அவர் குடும்பம் பிழைத்தது. பொறுப்பும் பிழைப்பும் சேர்ந்தே கைமாறின. அதனால்தான் அந்த விளக்குகள் கொடுத்தவர் காலத்துக்குப் பின்னும் எரிந்தன. நாம் ஆயாவிடம் வெறும் பொறுப்பை மட்டும் கொடுக்கிறோம். இடிக்காதே, ஓட்டை மாற்றாதே, ஊருக்கு அழகு. ஆட்டைக் கொடுக்காமல் நெய்யை மட்டும் கேட்கிறோம். சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் என்று கோடு போடுகிற சட்டமும் இதையேதான் செய்கிறது. ஊர் 2002இல் கொதித்ததில் பாதி இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். கோஷத்தில் அது வரவில்லை, அவ்வளவுதான்.

கொடுக்க முடியாததும் இல்லை. புதுச்சேரியில், இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம், வைசியாள் வீதித் தமிழ் வீடுகளின் முகப்புகளை இன்டாக் அமைப்பு உரிமையாளர்களோடு செலவைப் பகிர்ந்துகொண்டு செப்பனிட்டது. 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. அகமதாபாத்தின் பழைய நகரத்தில் மரபு வீட்டைக் காப்பாற்றுகிறவர், தான் கட்டாமல் விட்ட மாடிகளின் உரிமையை வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு விற்கலாம். திருவண்ணாமலையில் லாட்ஜ்காரர்கள் அந்த உரிமையை வாங்க வரிசையில் நிற்பார்கள். தமிழ்நாட்டில் மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012இல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 2024 ஆனது. பன்னிரண்டு வருஷம், சரியாக ஒரு குடமுழுக்குச் சுற்று.

நண்பன் வீட்டில் இப்போதைக்கு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பின்கட்டை மட்டும் இடித்துவிட்டு மூன்று அறையும் குளியலறையும் கட்டி, கிரிவலம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறார்கள். அந்தக் காசில் முன்கட்டுக்கு ஓடு மாற்றுவார்கள். முற்றத்தின் ஒரு ஓரம் போய்விடும். எனக்கு அதில் வருத்தம்தான். ஆயாவுக்கு இல்லை. பின்கட்டில் இருந்த தேக்குத் தூண்கள் ரெண்டையும் விற்காமல் திண்ணைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.