44 வாரத் தூரம்

உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் விடிகாலையில் பஸ் ஏறி மதுரைக்குப் படிக்க வரும் தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம்தான் பேசுகிறேன். வகுப்பில் எழுந்து நாலு வரி இங்கிலீஷ் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பின்பெஞ்சில் ஒருவன் சிரிக்கிறான். அன்று ராத்திரியே "நமக்கு மூளை இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். அது பச்சைப் பொய்!

ஆங்கிலத்துக்குச் சொந்தபந்தம் யார் யார் என்று பாருங்கள். கூடப் பிறந்தது போன்றது ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி. அடுத்த நெருக்கம் நெதர்லாந்தின் வடக்குப் பகுதியில் பேசும் ஃபிரீசியன். பிறகு டச்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ், நார்வீஜியன். டச்சுக்காரர் தண்ணீரை 'வாட்டர்' என்கிறார், புத்தகத்தை 'புக்' என்கிறார், பாலை 'மெல்க்' என்கிறார். அவர் ஆங்கிலம் படிப்பது சித்தப்பா வீட்டுக்குப் போய்வருவது மாதிரி.

நமக்கு அப்படியா? தமிழ் வேறு குடும்பம். 1856-ல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே எழுதி அதை நிலைநாட்டினார். "மேசை மேல் புத்தகம் இருக்கிறது" என்ற சின்ன வாக்கியத்தை எடுத்துக்கொள். ஆங்கிலத்தில் சொல்ல, கடைசியில் இருக்கும் 'இருக்கிறது' நடுவுக்கு வர வேண்டும். 'மேல்' மேசைக்கு முன்னால் தாவ வேண்டும். போதாததற்கு, தமிழில் ஈடே இல்லாத 'த' (the) இரண்டு இடத்தில் நுழைய வேண்டும். வீட்டையே பிரித்து வேறு திசையில் கட்டுகிறாய் நீ. அதுவும் எழுந்து நிற்கும் அந்த ஒரு நொடியில்!

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு டச்சு கற்பிக்க சுமார் 24 வாரம் ஒதுக்குகிறது. தமிழுக்கு? சுமார் 44 வாரம். அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு, அதையே வேலையாக வைத்துப் படிப்பவர்கள். அங்கிருந்து இங்கே வர இவ்வளவு தூரம் என்றால், இங்கிருந்து அங்கே போக மட்டும் குறுக்குவழியா இருக்கும்? உன் திணறலுக்குக் காரணம் தூரம். மூளை அல்ல, தம்பி, தூரம்!

இந்தத் தூரத்தை மதுரை பார்க்காததா? நம் ஊருக்குள்ளேயே ஆங்கிலத்துக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது: நெசவாளர் வீடுகளில் பேசும் சௌராஷ்டிரம். அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழி. அதைத் தாய்மொழியாகக் கொண்டு 1922-ல் இங்கே பிறந்தவர் டி.எம். சௌந்தரராஜன். ழகரமும் றகரமும் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுக்கே பாடிக்காட்டிய குரல் அது! அவரைச் சுற்றித் தெருவெல்லாம் தமிழ் இருந்தது, உண்மைதான். 1606-ல் மதுரைக்கு வந்து, தமிழில் நூலே எழுதிய இத்தாலியர் ராபர்ட் டி நோபிலிக்கும் அதே தெருதான் உதவியது. உனக்கு அந்தத் தெரு கிடைக்கவில்லை. புத்தகம் மட்டும்தான் கிடைத்தது. அதனால் தெருவை நீதான் தேடிப் போக வேண்டும்.

மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் தையல் கடைகள் இருந்த காலத்தில், அப்படித் தெருவிலேயே ஆங்கிலம் பழகிய தையல்காரர் ஒருவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில். எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மா. "லூஸ்? டைட்? ஒன் அவர் கம்" என்றார். குரலில் துளி நடுக்கம் இல்லை. சொன்ன நேரத்தில் சட்டை தயார். அந்த அம்மா மறுநாள் தோழியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

நாளைக்கே கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிக்குப் போ. கையில் வரைபடத்தை விரித்துக்கொண்டு யாராவது வழி தெரியாமல் நிற்பார். போய் முன்னால் நில். 'த' விட்டுப்போனால் போகட்டும், வினைச்சொல் இடம் மாறினால் மாறட்டும். வாயைத் திற. தெற்குக் கோபுரம் எந்தப் பக்கம் என்று சொல்லு.