திறக்கப்படாத டிபன் டப்பா

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் ஒரு டிபன் டப்பா இருக்கிறது. உள்ளே சோறு கரியாகிக் கிடக்கிறது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 காலை, ஷிகேரு என்ற பள்ளி மாணவனுக்கு அம்மா கட்டிக்கொடுத்தது. தீ பரவாமலிருக்க வீடுகளை இடிக்கும் வேலைக்கு அன்று அவனை அனுப்பியிருந்தார்கள். அவன் அதைத் திறக்கவே இல்லை. தேடி அலைந்த தாய் கண்டெடுத்தபோது, மகனின் உடலுக்கடியில் இருந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நகரில் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். இந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, தேர்வோடு மறந்துவிடும். ஆசிரியர்களே, முதலில் ஷிகேருவைப் பற்றிச் சொல்லுங்கள். சாப்பாட்டு மணிக்கு முந்தைய பாடவேளையில் சொன்னால் இன்னும் நல்லது. பள்ளிக்கூடத்துப் பையனை வீடுகளை இடிக்கும் வேலைக்கு ஏன் அனுப்பினார்கள் என்று பிள்ளைகளே கேட்பார்கள். போரின் காரணங்களை அங்கிருந்து தொடங்கலாம்.